உள்ளே போன கைப்பிடியும் ஓடாத படமும்

அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம், உங்கள் அத்தை நலம், நீங்கள் ஆசையாக வாங்கி அனுப்பிய காரும் அதன் கதவுகளுக்குள் ஒளிந்திருக்கும் கைப்பிடிகள் நான்கும் நலம். அங்கு உங்கள் நலம் அறிய ஆவல் என்று அடுத்து எழுதுவதுதான் முறை. ஆனால் உங்கள் நலம் சரியில்லை என்று மகள் நேற்றே போனில் சொல்லிவிட்டதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

நிற்க. மகள் சொன்னது இதுதான். நீங்கள் வரைந்த கைப்பிடி வைத்த காரை இந்தக் கோடையின் பெரிய படத்தில் கதாநாயகன் ஓட்டுகிறான், படம் ஓடினால் காரும் ஓடும் என்று உங்கள் கம்பெனி நம்பியிருந்தது. படம் முதல் வாரமே படுத்துவிட்டது. அதனால் அடுத்த காருக்குப் பழையபடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சாதாரணக் கைப்பிடியே போதும், அதை நீங்களே வரைந்து கொடுங்கள் என்று மேலிடம் சொல்லிவிட்டது. நீங்கள் அவமானம் தாங்காமல் ராஜினாமா எழுதிப் பையில் வைத்திருக்கிறீர்கள், திங்கட்கிழமை கொடுக்கப்போகிறீர்கள். "மூணு நாளா சாப்பிடும்போதுகூட பேச மாட்டேங்கறார்ப்பா. நீங்க சொன்னா கேப்பார். ஆனா போன் வேணாம், போன்ல நீங்க படத்தைப் பத்தி ஆரம்பிச்சிடுவீங்க. எழுதுங்க" என்றாள். ஆகவே எழுதுகிறேன். படத்தைப் பற்றி எதுவும் எழுத மாட்டேன். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் சாயங்காலம் வந்து இந்தக் கடிதத்தைத் தன் செல்போனில் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்புவதாக ஏற்பாடு.

படத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. பேப்பரில் பாக்ஸ் ஆபீஸ், பாக்ஸ் ஆபீஸ் என்று போடுகிறார்களே, அந்தப் பெட்டிக்குள் வேலைக்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தவன் நான். டிக்கெட் கொடுக்கும் அந்த ஓட்டை வழியாக நான் பார்த்தது கைகளை மட்டும்தான், முகம் தெரியாது. கையைப் பார்த்தே படம் தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவேன். தேறும் படத்துக்கு ஒரே ஓட்டைக்குள் மூன்று கை வரும், மூன்றும் ஒன்றையொன்று தள்ளும். தேறாத படத்துக்கு ஒரு கை வரும், பலகையில் விரலால் தாளம் போடும், "எப்ப சார் முடியும்?" என்று கேட்கும். முதலாளி வெள்ளிக்கிழமை தோறும் வந்து "எப்படிப்பா இருக்கு?" என்பார். நான் சொல்வேன். அவர் அதற்கு நேர்மாறாகச் செய்வார். அப்படிச் செய்தே இரண்டாவது தியேட்டரையும் கட்டிவிட்டார். அதன் திறப்பு விழாவில் என்னை மேடைக்கு அழைத்துக் கைகுலுக்கி, "இவர் இல்லேன்னா இந்தக் கட்டடம் இல்லை" என்றார். உங்கள் அத்தை இன்றுவரை அதைப் பாராட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள், நீங்களும் எதுவும் சொல்லிவிடாதீர்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இந்தப் படம் இனி எழுந்திருக்காது. வேண்டுமானால் எழுதித் தருகிறேன். எழுதியும் விட்டேன்.

காருக்கு வருவோம். உங்கள் கைப்பிடி நல்ல கைப்பிடிதான், கைக்குத்தான் ஒத்துவரவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இப்போது வருகிற கார் எல்லாமே அப்படித்தான் இருக்கிறது. முன்விளக்குகள் கண்ணை இடுக்கிக்கொண்டு, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த ஆள் மாதிரி முறைக்கின்றன. பின்கண்ணாடி வருஷத்துக்கு வருஷம் சுருங்கி வருகிறது. உள்ளே காற்றைக் கொஞ்சம் குறைக்கலாம் என்றால் திருகுவதற்குத் திருகி இல்லை, ஒரு டிவி இருக்கிறது, அதைத் தட்டித் தட்டி உள்ளே போய்க் காற்றைக் கண்டுபிடிப்பதற்குள் ஊர் வந்துவிடுகிறது. என்ன நிறம் இருக்கிறது என்று கேட்டால் சாம்பல், கொஞ்சம் சாம்பல், ரொம்பச் சாம்பல். இதில் உங்கள் கைப்பிடி ஒன்றுதான் உயிருள்ள சாமான். சாவி பக்கத்தில் வந்தால் தானே வெளியே வரும், விலகிப் போனால் தானே உள்ளே போகும் என்று நீங்கள் விளக்கியபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் பாருங்கள், சாவி என் சட்டைப் பையில், கார் எங்கள் முன்னறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம். பேப்பரை எடுக்க ஜன்னலோரம் போனால் நான்கும் வெளியே வந்து நிற்கும், நாற்காலிக்குத் திரும்பினால் உள்ளே போகும். செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனால் வெளியே, வாளியை நிரப்பத் திரும்பினால் உள்ளே. வாத்தியார் வந்ததும் எழுந்து நிற்கிற பிள்ளைகள் மாதிரி அவை நிற்பதைப் பார்த்து எனக்கே கூச்சமாகி, "ஒண்ணுமில்ல, சும்மா தண்ணி ஊத்தறேன்" என்று சொல்லிவிட்டுப் போகப் பழகிவிட்டேன். "யார்கிட்டங்க பேசறீங்க?" என்று அத்தை கேட்டாள். "மாப்பிள்ளைகிட்ட" என்றேன். அவளும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து "சாப்பிட்டாரான்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இப்படி எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. படம் வெளிவருவதற்கு முந்தின நாள் பல் டாக்டர் வெள்ளைக் கோட்டோடு வெளியே வந்து நம் காரில் சாய்ந்துகொண்டு நின்றார். தன் கிளினிக்கில் ஒருவருக்குக் கன்னம் மரத்துப்போக ஊசி போட்டிருக்கிறாராம், மரத்துப்போகும்வரை நம்மிடம் பேசலாம் என்று வந்திருக்கிறார். "எல்லா ஷோவும் புக் ஆயிடுச்சாம் சார். பிச்சுக்கிட்டு ஓடப்போகுது" என்றார். "கையைப் பாக்காம நான் எதுவும் சொல்றதில்ல" என்று சொல்லிக்கொண்டே நான் பக்கத்தில் போனேன், கைப்பிடி அவருக்குப் பின்னால் வெளியே வந்து அவர் முதுகில் குத்தியது. நான்தான் குத்தினேன் என்று நினைத்துவிட்டார். சொல்லிப் புரியவைப்பதற்குள் அத்தை அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள், நான் உள்ளே போனேன், நான் போனதும் கைப்பிடியும் உள்ளே போனது, டாக்டரின் வெள்ளைக் கோட்டின் ஓரத்தையும் கவ்விக்கொண்டு போய்விட்டது. "சார், கொஞ்சம் வெளிய வாங்க" என்று அவர் கூப்பிட்டது கேட்டது. படத்தைப் பற்றிப் பேசத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "வர வேண்டியதே இல்ல டாக்டர், உள்ள இருந்தே சொல்றேன், பத்து நாள் தாண்டாது" என்று பதில் சொன்னேன். அவர் திரும்பத் திரும்பக் கூப்பிட, நான் திரும்பத் திரும்பப் படத்தின் குறைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஊசி போட்டுக்கொண்டவரே ஒரு பக்கக் கன்னம் தொங்க வெளியே வந்து டாக்டரைப் பிடித்து இழுத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து நான் எட்டிப் பார்க்கலாமே என்று வாசலுக்கு வந்தேன், கைப்பிடி டாக்டரை விட்டுவிட்டது, இரண்டு பேரும் செடிக்குள் போய் விழுந்தார்கள். அவர்கள் எழுந்து மண்ணைத் தட்டி முடிப்பதற்குள் மரத்துப்போன கன்னம் தெளிந்துவிட்டது. அவருக்கு இன்னொரு ஊசி போட வேண்டியிருந்தது.

டாக்டரைச் சமாதானப்படுத்த வேண்டாமா? மறுநாள் முதல் காட்சிக்குப் பழைய தியேட்டர் பழக்கத்தில் டிக்கெட் வாங்கி அவரையும் அத்தையையும் அதே காரில் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் வரிசை முழுக்க ஒவ்வொருவரிடமும் குனிந்து, "கைப்பிடியைக் கவனிங்க, நம்ம மாப்பிள்ளை வரைஞ்சது" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். கதாநாயகன் முதல் தடவை காரின் மேல்கண்ணாடி வழியாகக் குதித்து உள்ளே போனான். சரி, அவசரம் என்று விட்டேன். இரண்டாவது தடவை கார் தானே ஓடி வந்து கதவைத் திறந்துகொண்டு நின்றது. மூன்றாவது தடவை கதவே இல்லை, குண்டு வெடித்துப் பறந்துவிட்டது. மூன்று மணி நேரப் படத்தில் உங்கள் கைப்பிடியைத் தொட்டது வில்லன் ஒருவன்தான். அவன் உயிர் தப்பிக்கக் கதவைத் தடவுகிறான், தடவுகிறான், கைப்பிடி வெளியே வரவே இல்லை, லாரி வந்து அடித்துவிடுகிறது. "அதுதான் சார், அதுதான்" என்று நான் எழுந்து நின்று காட்டினேன். பின்னால் இருந்தவர் "செத்தது உங்க மாப்பிள்ளையா சார்? உக்காருங்க" என்றார்.

வெளியே வந்தால் நல்ல மழை. காருக்கு முன்னால் போய் நிற்கிறோம், சாவி பையில் இருக்கிறது, கைப்பிடி வரவில்லை. சாவிக்குள் இருக்கும் பேட்டரி தீர்ந்துபோனது மறுநாள்தான் தெரிந்தது. நான் இந்தப் பக்கம் தடவுகிறேன், அத்தை அந்தப் பக்கம் தடவுகிறாள், டாக்டர் தூரத்தில் நின்றுகொண்டு யோசனை சொல்கிறார், அவர் இனி கிட்டே வர மாட்டாராம். படம் விட்டு வந்த கூட்டம் முழுக்க "அதே வண்டிடா" என்று சூழ்ந்துகொண்டது. ஆளாளுக்குத் தட்டினார்கள், தள்ளினார்கள், ஒருவர் கண்ணாடியில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். அப்போது யாரோ அமைதியாக, "இது வில்லனுக்குத் திறக்காதுங்க" என்றார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள் மாப்பிள்ளை. நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை வாட்ச் கடையில் புது பேட்டரி போட்டு வாங்கிக்கொண்டு காரை எடுக்கப் போனேன். ஈரம் காய்ந்து, சேற்றுக் கைகளின் அடையாளம் கதவு முழுக்க அப்படியே பதிந்திருந்தது. மேலே, கீழே, கண்ணாடி ஓரம், சக்கரத்துக்குப் பக்கத்தில் என்று ஒரு இடம் பாக்கியில்லை. கைப்பிடி இருக்கும் இடத்தில் மட்டும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் கையும் படவில்லை. உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. ஓட்டை வழியாகக் கைகளையே பார்த்துக் காலத்தைக் கழித்தவன் நான், நீட்டிய கைக்கு ஒன்றும் கிடைக்காவிட்டால் அது எப்படித் திரும்பிப் போகும் என்று எனக்குத் தெரியும். ஹவுஸ்ஃபுல் பலகை வைத்த பிறகும் ஒரு கை ஓட்டைக்குள் வந்து சும்மா கொஞ்ச நேரம் இருக்கும். அதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். உங்களை இப்போது பழைய கைப்பிடியை வரையச் சொல்கிறார்கள். அதில் என்ன அவமானம்? இருட்டில், மழையில், இடுப்பில் குழந்தையோடு வருகிறவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று கொடுக்கச் சொல்கிறார்கள். அத்தையிடம் கேட்டேன். "கதவுன்னா புடிக்கறதுக்கு ஒண்ணு வேணும்ல? அதைப் போய் அவர் ஏன் கௌரவக் குறைச்சலா நினைக்கறார்? அவர் வரைஞ்சா அதுவும் அழகாத்தான் இருக்கும்" என்றாள். நான் சொன்னதாக எழுதச் சொன்னாள், ஆனால் அது அவள் சொன்னது.

எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை, மறைப்பானேன். வேலை போய்விடுமே என்று இல்லை. நீங்கள் வேறு வேலை தேடிக்கொள்வீர்கள். ஒரு படம் ஓடாததற்கு நீங்கள் உங்களையே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிறீர்களே, அதுதான் பயம். நான் ஓடும் என்ற படங்களில் பாதி ஓடியதில்லை, ஓடாது என்றது எல்லாம் ஓடியது, அதற்காக நான் பெட்டியை விட்டு எழுந்து போகவில்லை, மறுநாளும் போய் உட்கார்ந்தேன். ஆகையால் பழைய கைப்பிடியை நல்ல மனதோடு வரைந்து கொடுங்கள். ராஜினாமாவைக் கிழித்துப் போடுங்கள். இன்று மகளோடு உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிடுங்கள், எதைப் பற்றியாவது பேசுங்கள், காரைத் தவிர.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல், திறக்க வேண்டிய கதவெல்லாம் தொட்டதும் திறந்து, நீண்ட காலம் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நானும் அத்தையும் ஆசீர்வதிக்கிறோம். பல் டாக்டரும் தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னார், காரைத் தொடாமல்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும்,
மாமனார்

பின்குறிப்பு: டாக்டர் இன்னும் வரவில்லை, அதற்குள் மகள் போன் செய்துவிட்டாள். படம் இரண்டாவது வாரத்தில் எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டதாம். வில்லன் கதவில் கை வைத்ததும் தியேட்டரே சேர்ந்து "திறக்காது" என்று கத்துகிறதாம், அதைக் கத்துவதற்கென்றே ஜனங்கள் திரும்பத் திரும்ப வருகிறார்களாம். உங்கள் மேலிடம் மனதை மாற்றிக்கொண்டு, இனி வரும் எல்லாக் காருக்கும் உங்கள் கைப்பிடியேதான், கதவின் உள்பக்கத்துக்கும் அப்படியே மறைத்து வரைந்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டதாம். நீங்கள் சிரித்தீர்கள், சாப்பிட்டீர்கள், ராஜினாமாவைக் கிழித்துவிட்டீர்கள் என்று சொல்லும்போது மகள் அழுதேவிட்டாள். உங்கள் சந்தோஷம் எங்கள் சந்தோஷம், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் உள்பக்கத்துக்குமா, மாப்பிள்ளை? உள்ளே இருக்கிறவர் எதைப் பிடித்து வெளியே வருவார்? இவ்வளவு பக்கம் எழுதியதை வீணாக்க மனமில்லாமல் அப்படியே அனுப்புகிறேன், நீங்கள் மேலே உள்ளது எதையும் பொருட்படுத்த வேண்டாம். கிழித்த ராஜினாமா குப்பைக்கூடையில்தான் இருக்கும். எடுத்து ஒட்டிப் பாருங்கள். திங்கட்கிழமைக்கு இன்னும் நேரம் இருக்கிறது.