ஸ்டேடியத்துக்காக நான் போட்ட சிவப்புக் குறிகள்

பட்டியல் போடுகிறவர்களை நம்பாதீர்கள். நானே பட்டியல் போடுகிறவள் என்பதால் சொல்கிறேன். கடைக்குப் போக ஒரு பட்டியல், கல்யாணத்துக்குப் போக ஒரு பட்டியல், எந்தப் பட்டியலை எங்கே வைத்தேன் என்பதற்கு ஒரு பட்டியல். வேலையும் அதற்குத் தகுந்ததுதான்: அடுத்தவர்கள் எழுதிய மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் டெஸ்டிங் இன்ஜினியர். (என் பிழையைக் கண்டுபிடிக்க ஆள் போட வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.)

பெங்களூர் ஜீவனஹள்ளியில் எங்கள் சந்துகளுக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை பல வருடங்களாக மூடிக் கிடந்தது. அந்த இடத்தில் ஸ்டேடியம் கட்ட ஒரு கால்பந்து கிளப் முன்வந்தது. ஒரே நிபந்தனை, அக்கம்பக்கத்து ஜனங்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் ஊருக்கு வெளியே வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள்.

அப்பா ஒரு காலத்தில் பேட்டை டீமில் ரைட் பேக், அதாவது வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர். இப்போது முழங்கால் ரைட்டாகவே இல்லை. "வீட்டுலேர்ந்து ஹவாய் செருப்பு போட்டுகினு நடந்து போயி ஒரு மேட்ச் பாக்கணும்மா. அவ்ளோதான் எனக்கு" என்பார். அந்த ஆசையில் கிளப் மேனேஜரிடம், "எங்க ஏரியாவ நான் பாத்துக்கிறேன் சார்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து வேலையை என்னிடம் கொடுத்தார்.

நான் அசரவில்லை. எங்கள் வீடு போக நூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் எண் கொடுத்தேன். ஒரு வாரம் மாலை நேரங்களில் வீடு வீடாகப் போய், வீட்டில் எத்தனை பேர், சொந்த வீடா வாடகையா, ஸ்டேடியம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டேன். பெரும்பாலானவர்கள் சரி என்றார்கள். சிலர் யோசிக்கிறோம் என்றார்கள், சிலர் வேண்டாம் என்றார்கள். முப்பத்தேழாம் எண் வீட்டு செல்வி அக்கா மட்டும் கதவைக்கூட முழுதாகத் திறக்கவில்லை.

"மேட்ச் அன்னிக்கு எவன் எவனோ வந்து என் வாசல்ல வண்டிய நிறுத்துவான். உங்கப்பன் வந்து தள்ளுவாரா?"

செல்வி அக்கா துப்புரவுப் பணியில் இருபது வருடமாக இருப்பவர். அந்தச் சந்துகளில் அவருக்குத் தெரியாமல் ஒரு குப்பை லாரிகூடத் திரும்பாது.

சம்மதக் கையெழுத்து வாங்கும் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை கிளப்பின் தொண்டர்கள் வந்து ஒவ்வொரு வீட்டையும் அழைப்பார்கள். சரி என்றவர்களை ஒரு மாதிரியும், வேண்டாம் என்றவர்களை ஒரு மாதிரியும் பேசி அழைக்க வேண்டும் அல்லவா? அவர்களுக்கு உதவியாக, சனிக்கிழமை மதியம் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு குறி போட்டேன். வட்டத்துக்குள் வீட்டின் எண். பக்கத்தில், சரி என்றால் டிக், வேண்டாம் என்றால் பெருக்கல் குறி, யோசிக்கிறவர்களுக்குக் கேள்விக்குறி. கிளப்பின் நிறம் சிவப்பு என்பதால் சிவப்பு. மழைக்காலம் என்பதால் ஆயில் பெயிண்ட். எல்லாவற்றையும் யோசித்திருந்தேன்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. அன்று டிவியில் கிரிக்கெட். எங்கள் வீட்டை மட்டும் விட்டுவிட்டேன். எங்கள் பதில்தான் எனக்குத் தெரியுமே! பிறகு சந்து வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு செய்தி அனுப்பினேன்: "நாளை காலை பத்து மணிக்கு சமுதாயக் கூடத்தில் முக்கியமான கூட்டம். உங்கள் எண் உங்கள் சுவரில் உள்ளது."

சாயங்காலம் முனைக்கு முனை ஜனங்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். என் பட்டியலில் "விழிப்புணர்வு" என்ற வரிக்கு எதிரே டிக் போட்டேன்.

மறுநாள் கூடம் நிரம்பி, ஜன்னல்கள் நிரம்பி, வாசலும் நிரம்பிவிட்டது. முன்வரிசையில் அப்பா தன் பழைய ஜெர்சியில், வயிறு இடம் கொடுத்தவரை, மிடுக்காக உட்கார்ந்திருந்தார். மேடையில் கிளப் மேனேஜர். அவர் வெளிமாநிலத்துக்காரர், தமிழும் வராது, கன்னடமும் வராது. கூட்டத்தைப் பார்த்துவிட்டு, இப்படி ஓர் ஆர்வத்தை எங்குமே கண்டதில்லை என்று ஆங்கிலத்தில் என் காதில் சொன்னார். நான் அடக்கத்தோடு தலையசைத்தேன். அதற்குப் பிறகுதான் கவனித்தேன், பாதிப் பேர் கையில் வீட்டுப் பத்திரம். மீதிப் பேர் கையில் துடைப்பம்.

செல்வி அக்கா எழுந்தார்.

"இருவது வருஷமா இந்த ஊரு ரோட்டப் பெருக்குறேன். செவுத்துல செவப்புக் குறி போட்டா இன்னா அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? ரோட அகலம் பண்றேன்னு வூட்ட இடிக்கப் போறாங்க!"

பெங்களூரில் பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு மட்டும் அந்த வினாடியில்தான் தெரிந்தது.

"டிக் போட்ட வீடு தப்பிச்சுது, எக்ஸ் போட்ட வீடு காலி. வேணாம்னு சொன்னவங்க வீட்டுக்கெல்லாம் எக்ஸ்! பாத்தீங்களா அக்கிரமத்த?" செல்வி அக்கா நிறுத்தவில்லை.

"அப்போ எங்க வீட்டுக்குக் கேள்விக்குறியாம்மா, அது ஏனு, என்ன?" என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் பாதி கன்னடத்தில் கேட்டார்.

"உங்களுதுல பாதி இடிப்பாங்க தாத்தா," என்று செல்வி அக்கா விளக்கினார்.

"நூத்திப் பன்னெண்டு வீட்டுக்கும் குறி இருக்குது. இன்ஜினியர் பொண்ணு நித்யா வீட்டுக்கு மட்டும் ஏன் இல்ல? வூட்ட அளந்து குடுத்ததே அவதான்!" என்று ஜன்னல் பக்கமிருந்து யாரோ கத்தினார்.

எல்லாத் தலைகளும் அப்பாவைப் பார்த்துத் திரும்பின. அறுபது வருடம் அதே சந்தில் வாழ்ந்த மனிதர். ஜெர்சிக்குள் அவர் சுருங்குவதைப் பார்த்தேன். மைக்கைப் பிடுங்கினேன். நல்ல தொடக்கம் ஒன்றைத் தேட நேரமில்லை.

"குறி போட்டது நான்தான்!"

இதைவிட மோசமான ஒரு முதல் வாக்கியத்தை எந்தப் பேச்சாளரும் கண்டுபிடித்ததில்லை. கூச்சல் அடங்க ஐந்து நிமிடம் ஆனது. மேனேஜர் அதைக் கைதட்டல் என்று நினைத்துக்கொண்டு தானும் தட்டினார். பிறகு டிக், எக்ஸ், கேள்விக்குறி என்று ஒவ்வொன்றாக விளக்கினேன்.

செல்வி அக்கா நம்பாமல் கேட்டார். "நான் வேணாம்னு சொன்னத நோட்டுல எழுதிக்க மாட்டியா?"

"நோட்டுலயும் எழுதியிருக்கேன்க்கா."

"அப்புறம் எதுக்குடி என் செவுத்துல?"

"பேக்கப்புக்கு."

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. (அம்மா என்று ஒரு சந்தேகம் உண்டு.) பிறகு கூடமே சிரித்தது. செல்வி அக்கா மட்டும் சிரிக்காமல் தீர்ப்புச் சொன்னார்: "மொதல்ல எங்க செவுத்தயெல்லாம் நீயே தொடை. கையெழுத்தப் பத்தி அப்புறம் பேசலாம்."

என்ன சொல்கிறார்கள் என்று மேனேஜர் அப்பாவைக் கேட்டார். "ரொம்ப ஆர்வமா இருக்காங்க சார். ரெண்டு வாரம் டைம் குடுங்க" என்று அப்பா தன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அவர் வாழ்நாளிலேயே மிகச் சிறந்த டிஃபென்ஸ் அது.

இரண்டு வாரம், ஆபீஸ் முடிந்ததும் பெயிண்டைக் கரைக்கும் தின்னரும் பழைய துணியுமாக ஒவ்வொரு சுவராகத் தேய்த்தேன். ஆயில் பெயிண்டின் தரத்தைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் கிடையாது. தேய்க்கும்போது வீட்டுக்காரர்கள் மேற்பார்வை பார்க்க வெளியே வந்து நின்றார்கள். நின்றவர்கள் பேசினார்கள். கையில் துணி இருந்ததால் என்னால் குறிப்பெடுக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் கேட்டேன். வண்டி நிறுத்துவது, சாக்கடை, மேட்ச் முடிந்ததும் சந்தில் புகுந்து வரும் கூட்டம் என்று, ஒரு வாரம் கதவைத் தட்டியும் கிடைக்காததெல்லாம் சுவரைத் தேய்த்ததில் கிடைத்தது.

எல்லோர் நிபந்தனைகளையும் ஒரே கடிதமாக எழுதினோம். பிரதான வாசல் மெயின் ரோட்டுப் பக்கம் இருக்க வேண்டும், மேட்ச் நாளில் சந்துக்குள் வெளி வண்டி வரக்கூடாது. கிளப் எழுத்தில் ஒப்புக்கொண்டது. முதல் கையெழுத்து செல்வி அக்காவுடையது. போட்டுவிட்டு, மிச்சமிருந்த பெயிண்ட் டப்பாவை என்னிடம் கேட்டு வாங்கினார். நேராக எங்கள் வீட்டுக்குப் போய், சுவரில் பெரிய வட்டம் போட்டு, உள்ளே நூற்றுப் பதிமூன்று என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் வைத்தார்.

அப்பா அதை அழிக்க விடவில்லை. இன்றும் கூரியர்காரருக்கு வழி சொல்லும்போது அம்மா, "கேள்விக்குறி போட்ட வீடுப்பா" என்கிறார். நான் பேனாவை எடுத்தாலே வீட்டில் யாராவது பெயிண்டை ஒளித்து வைக்கிறார்கள்.

போன மாதம் தொழிற்சாலை இடத்தில் அளவெடுப்பவர்கள் வந்து, இடிக்கப்போகிற பழைய மதில்சுவரில் சிவப்பு வட்டம் போட்டு எண்கள் எழுதினார்கள். வேடிக்கை பார்க்கச் சந்தே திரண்டு நின்றது. அப்பா ஹவாய் செருப்பில் நடந்தே போயிருந்தார், எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்க.

செல்வி அக்கா அந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, பிரஷ் பிடித்திருந்தவரிடம் சொன்னாராம்:

"இன்னா சார் வட்டம் இது? எங்க நித்யா இதவிட நல்லா போடும். கூப்புடட்டா?"