டெய்லர் அளந்த நிலம்

வாங்கவிருந்த வீட்டு மனையில் ஓர் அடி குறைந்தது. பத்திரம் முப்பதடி அகலம் என்றது. டெய்லரின் டேப் இருபத்தொன்பது என்றது. கடை திறந்த நாள் முதல் அவர் கழுத்தை விட்டு இறங்காத டேப். அவர் டேப்பைத்தான் நம்பினார்.

"சர்வேயரைக் கூப்பிட்டு அளந்துட்டு வாங்கலாமே" என்றாள் மனைவி. கடையில் அளவெடுப்பது அவர். இரும்பு ஸ்கேலை வைத்துத் துணி வெட்டுவது அவள். இந்த வீட்டுச் சமையலறை ஜன்னல் மேல் அவளுக்கு உயிர்.

"ஊருக்கே அளவெடுக்கறவன் நான். எனக்கு ஒருத்தன் வந்து அளக்கணுமா?"

பக்கத்து வீட்டுச் சுவர்தான் உள்ளே வந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, நேரே போய்க் கேட்டார். அந்த வீட்டுக்காரர் பழைய வாடிக்கையாளர், பரம சாது. சட்டைப் பொத்தான் தெறித்துவிடாமல் மெதுவாக மூச்சு விட்டார்.

"உங்க டேப் சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் பெருத்துட்டேன்னு முதல்ல காட்டிக் குடுத்ததே அதுல அளந்து தைச்ச சட்டைதானே."

மறுநாளே அந்தச் சாது ஆள் வைத்துத் தன் சுவரை இடித்துவிட்டார்.

இடிந்த சுவரைப் பார்த்து வீட்டை விற்பவர் கொதித்தார். "வாங்கறதுக்கு முன்னாடியே ஊர்வம்பா? உங்களுக்கு வீடு கிடையாது."

தன் பக்க நியாயத்தை நிரூபிக்க டெய்லரே சர்வேயரை அழைத்து வந்தார்.

சர்வேயர் எல்லைக் கல்லிலிருந்து இரும்பு டேப்பை இழுத்துப் பிடித்தார். "முப்பதடி சரியா இருக்கே. இங்க இருந்த சுவர் எங்க?"

எல்லோரும் செங்கல் குவியலைப் பார்த்தார்கள்.

சர்வேயர் டெய்லரின் டேப்பை வாங்கித் தன் டேப்போடு சேர்த்து வைத்தார். "இழுத்து இழுத்து நீண்டு போச்சு சார். இதுல எதை அளந்தாலும் குறைச்சுத்தான் காட்டும்."

டெய்லர் பக்கத்து வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "சுவரை நானே கட்டிக் குடுத்துடறேன்."

"அவர் சமாதானம் ஆனா வீடு உங்களுக்கு" என்று விற்பவர் பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டினார்.

"சுவர் கிடக்கட்டும் விடுங்க" என்றார் அந்தச் சாது. மனைவிக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

சாது குனிந்து தன் இறுக்கமான சட்டையை ஒருமுறை பார்த்தார். பிறகு அந்தத் துணி டேப்பைப் பார்த்தார்.

"அப்ப நான் ஒரு வருஷமா ராத்திரிச் சாப்பாட்டை விட்டது எதுக்கு?"