காய்ந்த நெத்திலி சொன்னபடி

கொல்லனின் மகள் திடீரென்று சதுரம் சதுரமாகப் பேச ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை காலை பத்து மணி. பியோ க்வாங்சிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் கணினித் திரையைப் பார்த்தார். இரண்டு குளிர்காலமாக அவர் ஆடிவரும் விளையாட்டு அது. பனிமலை நாடு ஒன்றில் ஒண்டி வேட்டைக்காரனாக நுழைந்து, கரடி அடித்து, வீடு கட்டி, ஊரில் நாலு பேர் வணங்கும் ஆளாகி, கடைசியில் கொல்லனின் மகளிடம் சம்மதம் கேட்கும் இடம்வரை வந்துவிட்டார். அவள் வாயைத் திறந்தாள். கீழே எழுத்து வரவேண்டிய இடத்தில் வெறும் சதுரங்கள் வரிசையாக வந்து நின்றன.

"சம்மதமா இல்லையா, அதைச் சொல்லு," என்றார் பியோ திரையிடம்.

அவள் இன்னும் எட்டு சதுரம் சொன்னாள்.

விளையாட்டைச் செய்தவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். அதில் கொரிய மொழி கிடையாது. ரசிகர்கள் மொழிபெயர்த்து இலவசமாக வெளியிடும் கூடுதல் ஃபைலைப் போட்டுத்தான் படிக்கமுடியும். ஆடுபவர்கள் அதை 'மாட்' என்பார்கள். விளையாட்டு வெள்ளிக்கிழமையன்று தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. பழைய மாட் அதோடு ஒத்துப்போகவில்லை.

யாரிடமாவது கேட்டுத்தான் ஆகவேண்டும். அங்கேதான் சிக்கல். பியோவுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை.

தென் கொரியாவின் ஜொன்ஜு நகரில் ஆயிரத்து நூறு வீடுகள் உள்ள குடியிருப்பு வளாகத்தின் நிர்வாக அலுவலகத்தில் அவர் மேனேஜர். வீட்டுக்கு வீடு சுவரில் பதித்த ஒலிபெருக்கி வழியாக அறிவிப்பு வாசிப்பதும் அவர்தான். லிஃப்ட் பழுது, தண்ணீர் நிறுத்தம் எல்லாம் சுமாராகத்தான் வாசிப்பார். மோசடி எச்சரிக்கை என்றால் குரல் கணீரென்று எழும். பார்சல்காரர் மணியடித்தால்கூடக் கதவைத் திறக்காமல், "பெட்டி மேல என்ன எழுதியிருக்கு, சத்தமாப் படிங்க," என்பார்.

வேறு வழியில்லாமல், விளையாட்டுக்காரர்கள் கூடும் இணையப் பக்கத்தில் 'கல்மலை வேடன்' என்ற புனைபெயரில் தன் கஷ்டத்தை எழுதினார். ஒரு நிமிடம் ஆகவில்லை, பதில் வந்து விழுந்தது. அனுப்பியவர் பெயர் 'காய்ந்த நெத்திலி'.

"பிழைப் பதிவு ஃபைலை எனக்கு அனுப்புங்க. பழைய மாட் மொத்தத்தையும் எடுத்துடுங்க. கீழ இருக்கிற இணைப்புல புதுசு இருக்கு."

பியோவின் புருவம் ஏறியது. "ஒரு நிமிஷத்துல பதில் போடறான். சனிக்கிழமை காலையில இவனுக்கு வேற வேலை இல்லையா?"

பூண்டு உரித்துக்கொண்டிருந்த மனைவி ஓக் சுன்யங் நிமிரவில்லை. "உங்களுக்கு இருக்கா?"

கோளாறு வரும்போது விளையாட்டு தானே எழுதிவைக்கும் அந்தப் பிழைப் பதிவில் ஆயிரம் வரி இருந்தது. முதல் பத்து வரியைப் பார்த்தார், எல்லாம் எண்கள். போகட்டும் என்று அனுப்பினார். பழையதையும் எடுத்தார். ஆனால் முன்பின் தெரியாதவன் நீட்டிய இணைப்பைத் தொட அவர் என்ன, நேற்றுப் பிறந்தவரா? வேறொரு தளத்தில் தேடிப் பிடித்து அங்கிருந்து மாட் ஃபைலை இறக்கினார். அந்தத் தளம் பார்க்கக் கண்ணியமாக இருந்தது. நீல நிறம். விளம்பரமே இல்லை.

எழுத்து வந்துவிட்டது. கொல்லனின் மகள் கண்ணைத் தாழ்த்தி, "ஆட்டுத்தோல் எத்தனை வேணும்?" என்றாள். பதறிப்போய் அடுத்த கடைக்குப் போனார். கசாப்புக்காரன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "உங்களை மணக்க எனக்குச் சம்மதம்," என்றான்.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த சுன்யங், "ஆளு திடமாத்தான் இருக்கான். சரின்னுடுங்க," என்றாள்.

காய்ந்த நெத்திலியிடமிருந்து உடனே விளக்கம் வந்தது. "அது போன வருஷத்து ஃபைல். வசனமெல்லாம் இடம் மாறிப் போயிருக்கும். நான் கொடுத்ததைப் போடுங்க. வரிசை முக்கியம். எழுத்துரு மாட் மேல, மொழி மாட் கீழ. மறக்காதீங்க, கீழ."

"கீழங்கிறதை ரெண்டு தடவை சொல்றான் பாரு," என்றார் பியோ. "ஏன் ரெண்டு தடவை?"

"நீங்க ஒரு தடவை சொன்னா கேக்கற ஆளு இல்லைன்னு தெரிஞ்சிருக்கும்."

"நான் நேர்மாறாச் செஞ்சு பார்க்கறேன். அவன் நல்லவனா இருந்தா ஒண்ணும் ஆகாது."

அந்தத் தர்க்கத்தைச் சுன்யங் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தாள். பிறகு பூண்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

பியோ, காய்ந்த நெத்திலி கொடுத்த ஃபைலை இறக்கி, மொழியை மேலேயும் எழுத்துருவைக் கீழேயும் வைத்தார். ஊரில் ஒருத்தருக்கும் தலை இல்லை. முண்டங்கள் சந்தையில் நின்று பேரம் பேசின. கொல்லனின் மகளை அவள் கட்டியிருந்த தோல் ஏப்ரனை வைத்துத்தான் அடையாளம் காணமுடிந்தது.

"தலையெல்லாம் போயிடுச்சு," என்று எழுதினார். நேர்மாறாகச் செய்ததைச் சொல்லவில்லை.

"அப்படி ஆகாதே," என்று வந்தது பதில். முதல்முறையாகக் கொஞ்சம் தாமதம். "நான் சொன்ன வரிசையிலதானே வச்சீங்க? சரி, இன்னொண்ணு இருக்கலாம். வைரஸ் தடுப்பு ஒரு ஃபைலைத் தப்பாப் பிடிச்சு அடைச்சு வச்சிருக்கும். அந்த ஒண்ணை மட்டும் விடச்சொல்லுங்க."

பியோ நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"வந்துட்டான் விஷயத்துக்கு. காவல்காரனைத் தூங்க வைக்கச் சொல்றான். இதுக்குத்தான் காலையிலேருந்து இந்த உபசாரமெல்லாம்."

"சூப் ஆறுது," என்றாள் சுன்யங்.

முளைகட்டிய பயறு சூப்பை நின்றபடியே குடித்தார். குடித்ததும் உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினார். கள்ளனைப் பிடிக்கவேண்டுமானால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை.

"நீங்க சொல்றபடி செய்யறேன். ஆனா யாருன்னு தெரியாம எப்படி? உங்க நிஜப் பேர் என்ன?"

"அது எதுக்குங்க?"

"எந்த வருஷம் பொறந்தீங்க?"

திரையையே பார்த்துவிட்டு அடுத்த கேள்வியைத் தட்டினார்.

"ஊராவது சொல்லுங்க."

ரொம்ப நேரம் கழித்து ஒரே ஒரு சொல் வந்தது. "ஜொன்ஜு."

பியோ அந்தச் சொல்லை இரண்டு தடவை படித்தார். எழுந்துபோய் வாசல் கதவின் பூட்டை இழுத்துப் பார்த்தார். ஜன்னல் திரையை மூடினார். எதிர்க் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஒருவன் நிற்பதுபோல் தெரிந்தது. காயப்போட்ட கம்பளி அது.

"இதே ஊருக்காரன், சுன்யங். கூப்பிடு தூரத்துல இருக்கான்."

"அப்ப கூப்பிட்டு ஒரு வாய் டீ கொடுங்க. உங்களோட இவ்வளவு நேரம் மல்லுக்கட்டியிருக்கான்."

பியோ விடவில்லை. வீட்டில் தனியாகவா இருக்கிறீர்கள், எந்த நேரத்தில் இருப்பீர்கள், எந்தப் பக்கம் வீடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அவர் சந்தேகம் மணிக்கு மணி ஊறித் தடித்தது. நல்லவன் என்றால் படபடவென்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே? கடைசியாக வலையை வீசினார்.

"நேர்ல சந்திக்கலாம். ஆத்துப் பாலத்துக்கிட்ட வாங்க. வேற யாரையும் கூட்டிட்டு வரவேண்டாம்."

வந்தால் தூரத்தில் நின்று போட்டோ எடுத்துவிடுவது என்று திட்டம். பதில் உடனே வந்தது. "இனிமே எனக்கு எழுதாதீங்க." அதற்குப் பிறகு அவர் அனுப்பிய எதுவும் போகவில்லை.

"ஓடிட்டான்," என்றார் பியோ, நெஞ்சை நிமிர்த்தி. "மாட்டிக்குவோம்னு தெரிஞ்சதும் எப்படி ஓடறான் பாத்தியா?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இன்னொரு யோசனை உதித்தது. அந்த ஆள் என்ன சதி செய்தான் என்று தெரிந்துகொள்ளாமல் விடக்கூடாது. சாட்சிக்காகவாவது சொன்னபடி அப்படியே செய்துபார்க்கவேண்டும். எழுத்துரு மேலே, மொழி கீழே, அடைபட்ட ஃபைலுக்கு விடுதலை. விளையாட்டைத் திறந்தார்.

தலைகள் இருந்தன. எழுத்துகள் இருந்தன. கசாப்புக்காரன் கறி விற்றான். கொல்லனின் மகள் உலைக்களத்திலிருந்து வெளியே வந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அழகான கொரிய மொழியில் சொன்னாள்: "வேடரே, ரொம்ப யோசிச்சுட்டேன். என் பதில் இதுதான்..."

பியோ மேலே படிக்காமல் மௌஸிலிருந்து கையை எடுத்தார். ஒரு குறையும் இல்லை. சொன்னதெல்லாம் சொன்னபடியே நடந்திருக்கிறது. இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறதென்றால் அடியில் எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கவேண்டும்?

இணைய வயரைப் பிடுங்கினார். விளையாட்டின் ஃபோல்டரை அடியோடு அழித்தார். கணினியின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தார். அப்புறம் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோதுதான், அவர் சேமித்து வைத்த இரண்டு குளிர்காலமும் அந்த ஃபோல்டருக்குள்ளேதான் இருந்தன என்பது நினைவுக்கு வந்தது.

பழத்தட்டோடு வந்த சுன்யங் இருண்ட திரையைப் பார்த்தாள். அவர் முகத்தையும் பார்த்தாள். முதல்முறையாகக் கேலி இல்லாமல் கேட்டாள். "அவ என்ன சொன்னா?"

"சொல்றதுக்குள்ள அழிச்சிட்டேன்."

அவள் ஒரு துண்டு பேரிக்காயை அவர் கையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை காலை பியோ சிவந்த கண்களோடு அலுவலகத்துக்குப் போனார். தன் இழப்பாவது நாலு பேருக்குப் பாடமாகட்டும் என்று, காய்ந்த நெத்திலியைப் பற்றி ஓர் எச்சரிக்கை எழுத உட்கார்ந்தார். ஒரு வரி எழுதுவதற்குள் 107ஆம் கட்டடத்து நாம்குங் டீச்சர் உள்ளே வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், அறுபத்தாறு வயது. கையில் ஒரு தாள்.

"மேனேஜர் சார், வளாகம் முழுக்க ஒரு எச்சரிக்கை வாசிக்கணும். மோசடி விஷயம். நானே எழுதிட்டு வந்துட்டேன். போலீஸ்லயும் சொல்லியாச்சு."

பியோ எழுந்து நின்றார். இந்த உலகத்தில் விழிப்பாக இருப்பது தான் ஒருவர் மட்டுமில்லை. "டீச்சர், உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா போதும்," என்று தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு மைக்கைப் போட்டார். குரல் கணீரென்று எழுந்தது.

"குடியிருப்போர் கவனத்துக்கு. கணினி விளையாட்டில் உதவி கேட்பதுபோல் ஒரு நபர் இணையத்தில் பழகி வருகிறார். சொல்லும் வழியை வேண்டுமென்றே தவறாகச் செய்துவிட்டு, பேச்சை நாள் முழுக்க வளர்ப்பார்."

ஆயிரத்து நூறு வீடுகளிலும் அது ஒலித்தது.

"பிறகு உங்கள் உண்மைப் பெயர், பிறந்த ஆண்டு, ஊர் ஆகியவற்றைக் கேட்பார்." குரல் லேசாக இறங்கியது. "வீட்டில் தனியாக இருக்கிறீர்களா, எந்த நேரத்தில் இருப்பீர்கள் என்று விசாரிப்பார். இறுதியில், துணைக்கு ஆள் இல்லாமல் ஆற்றுப் பாலத்துக்கு..."

பியோ நின்றுவிட்டார். மைக் மட்டும் மெல்ல இரைந்துகொண்டிருந்தது.

நாம்குங் டீச்சர் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கனிவாக எட்டிப் பார்த்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க, மேனேஜர் சார்? கடைசி வரியிலதான் அந்த ஆளோட நிஜப் பேரு இருக்கு. எனக்கு அனுப்பின பிழைப் பதிவுல, கணினியில பதிஞ்சு வச்ச தன் பேரை அவனே விட்டுட்டுப் போயிருக்கான்."