ஆடு மட்டும் தெளிவாக வந்த சீர்

எங்கள் பக்கம் சீர் வந்தால் மட்டும் போதாது. போட்டோவில் வர வேண்டும். போட்டோவில் இல்லாத தட்டு, கொண்டுவராத தட்டு.

இது எனக்கு நன்றாகத் தெரியும். நானும் ஒரு தாய்மாமன். தெரிந்திருந்தும் நான் செய்த காரியத்தைத்தான் சொல்கிறேன்.

நாகமலை புதுக்கோட்டையில் எனக்கு ஜெராக்ஸ் கடை. கூடவே பாஸ்போர்ட் போட்டோ. யுனிவர்சிட்டிப் பிள்ளைகள் வருவார்கள், ஸ்டூலில் உட்காருவார்கள், நான் பட்டனை அமுக்குவேன். கேமரா 'ஆட்டோ' மோடில் கிடக்கும். விற்றவர் எப்படி வைத்துக் கொடுத்தாரோ அப்படியே இருக்கும். நான் ஒன்பதாவதோடு நின்றவன். எண்களுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

என் தங்கச்சியை டி. கல்லுப்பட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவள் கல்யாணத்தின்போது அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். சீர் கொஞ்சம் முன்னப் பின்ன ஆகிவிட்டது. அவள் மாமியார் அதை மறக்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், "இவ பொறந்த வீட்ல என்னத்தக் கொண்டாந்தாங்க" என்ற பேச்சு காப்பிக்கு முன்னால் வந்துவிடும். தங்கச்சி டம்ளர் கழுவப் போய்விடுவாள். (கழுவின டம்ளரையே திரும்பக் கழுவுவாள்.)

அவள் பிள்ளைக்குக் காதுகுத்து என்றதும் எங்க அண்ணே அந்த வருசத்து வெங்காய வெள்ளாமையை அப்படியே சீரில் இறக்கினார். பித்தளைக் குடம், பட்டு, பீரோ, பழத்தட்டு வரிசை, முன்னால் நடக்க மாலை போட்ட கெடா. என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"வெளியாள் வேணாம்டா. நீயே எடு. ஒரு தட்டு விடாம வரணும். அந்தம்மா இனிமே அந்தப் பேச்ச எடுக்கவே கூடாது."

"சரிண்ணே" என்றேன்.

கடையில் எடுப்பது போல எடுத்திருந்தால் ஒன்றும் இல்லை. ஆனால் பொறுப்பு பெரிசு என்று பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் மனுசன் கோயிலுக்குப் போவான். நான் போனைத் திறந்தேன்.

கேமரா பற்றி வீடியோ போட்டுச் சொல்ல அதில் ஊர்ப்பட்ட பேர் இருந்தார்கள். அதில் நல்லவர் யார் என்று கண்டுபிடிக்க நான் ஒரு முறை வைத்திருந்தேன். தாடி இருக்க வேண்டும். பின்னால் நீல லைட் எரிய வேண்டும். இந்த இரண்டும் இருந்த ஒருத்தர் சிக்கினார். என்னை 'நண்பா' என்றார். இதைச் சொல்ல எனக்கு யாரும் காசு தரவில்லை என்றார். நான் கேட்காமலே சொன்னார். கேட்காமலே சொல்கிறவர் பொய் சொல்வாரா? நம்பிவிட்டேன்.

ஒரு லென்ஸைத் தூக்கிக் காட்டினார். இது இருந்தால் பின்னால் இருப்பதெல்லாம் வெண்ணெய் மாதிரி உருகி மங்கலாகிவிடும் என்றார். கேமராவோடு வந்த லென்ஸை இன்றைக்கே தலையைச் சுற்றிப் போடுங்கள் என்றார். ஃப்ளாஷ் எல்லாம் அந்தக் காலம் என்றார். இன்னும் இரண்டு சேனல் பார்த்தேன். அவர்களும் வெண்ணெய் என்றே சொன்னார்கள். மூன்று பேர் ஒரே வார்த்தையைச் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும். (மூன்று பேர் மேசையிலும் ஒரே கம்பெனி அனுப்பிய அட்டைப்பெட்டி இருந்தது. அது அப்போது என் கண்ணில் படவில்லை.)

நானும் முழு முட்டாள் இல்லை. வீடியோவுக்குக் கீழே எழுதிக் கேட்டேன்: "அண்ணே, சீர் வரிசைக் கூட்டத்தை எடுக்க இது ஆகுமா?" ஒரு சிவப்பு இதயம் பதிலாக வந்தது. ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன்.

பழைய லென்ஸையும் ஃப்ளாஷையும் மதுரையில் ஒரு கடையில் கொடுத்துவிட்டு அந்த லென்ஸை வாங்கி வந்தேன். லென்ஸை எந்த எண்ணில் வைக்க வேண்டும் என்று தாடிக்காரர் சொல்லியிருந்தார். அதில் வைத்தேன். மிருகத்தின் கண்ணைக்கூடத் தேடிப் பிடிக்கும் ஒரு வசதி இருக்கிறது, தட்டி வையுங்கள் என்று தன் வீட்டுப் பூனையை வைத்துக் காட்டியிருந்தார். இருக்கட்டுமே என்று அதையும் தட்டி வைத்தேன்.

காதுகுத்து அன்று சீர் மண்டப வாசலில் வந்து நின்றது. மேளம் அடிக்கிறது. சொந்தக்காரர்கள் தட்டோடு வரிசை வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் பட்டு வேட்டியில் அண்ணே. முன்னால் கெடா. ஆளாளுக்குப் போனைத் தூக்கினார்கள். படத்துக்குள் போன் தெரிந்தால் அசிங்கம், எல்லாரையும் உள்ளே வைக்கச் சொல்லுங்கள் என்று தாடிக்காரர் சொல்லியிருந்தார். நான் மைக் வாங்கி, யாரும் போனில் எடுக்க வேண்டாம் என்று சொன்னேன். தாய்மாமன் பேச்சுக்கு மரியாதை கொடுத்து எல்லாரும் உள்ளே வைத்தார்கள். வீடியோக்காரர் மாப்பிள்ளை வீட்டு ஏற்பாடு. அவர் அப்போது சமையல்கட்டில் கேசரியை எடுத்துக்கொண்டிருந்தார்.

ஆக, அன்றைக்கு அந்தச் சீருக்கு ஒரே சாட்சி என் கேமரா.

கேமராவில் பச்சைக் கட்டம் விழுந்தால் தைரியமாக எடுக்கலாம் என்று தாடிக்காரர் சொல்லியிருந்தார். விழுந்தது. எடுத்தேன். திரும்ப விழுந்தது. திரும்ப எடுத்தேன். எதன் மேல் விழ வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. வெயிலில் அந்தத் துக்கடா ஸ்க்ரீனில் எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது.

மறுநாள் கடைக்கு அண்ணே வந்தார். ஆசையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கம்ப்யூட்டரில் முதல் படத்தைத் திறந்தேன்.

கெடா வந்திருந்தது. அப்படி ஒரு தெளிவு. இமை முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். கண்ணுக்குள் உற்றுப் பார்த்தால் கேமராவோடு நான் நின்றேன். மற்றதெல்லாம் வெண்ணெய்.

அண்ணே நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்தார்.

"ஏன்டா, நான் எங்க?"

காட்டினேன்.

"இந்த வெள்ளையா?"

"அது பீரோண்ணே. நீங்க அதுக்குப் பக்கத்து வெள்ளை."

"குடம்?"

"அந்த மஞ்ச."

"அது வாழப்பழமில்ல?"

"பழமும் அதுக்குள்ளதான் இருக்குண்ணே."

அடுத்த படம் போட்டேன். கெடா தலையைத் திருப்பியிருந்தது. அதற்கு அடுத்த படத்தில் மாலையைத் தின்றது. எல்லாவற்றிலும் கண் தெளிவு.

"எல்லாரையும் கூப்ட்டு நிக்க வச்சு ஆட்டோட திரும்ப எடுப்பமா?" என்றார்.

"ஆட்டச் சாப்ட்டாச்சுண்ணே."

அண்ணே எழுந்தார். நாற்காலியை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

ஆல்பம் போட்டுத்தான் ஆக வேண்டும். போட்டோம். இரண்டு பேரும் டி. கல்லுப்பட்டிக்குக் கொண்டுபோனோம். மாமியார் கண்ணாடி போட்டு நிதானமாகப் பார்த்தார். தங்கச்சி கதவோரம் நின்றாள். கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு மாமியார் மூடினார்.

"ஆடு நல்லா இருக்கு தம்பி."

தங்கச்சி டம்ளர் கழுவப் போனாள். அண்ணே காப்பியைத் தொடவில்லை.

திரும்பி வரும்போது திருமங்கலம் வரைக்கும் அண்ணே வேகமாக ஓட்டினார். அங்கே வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"அவன் வீடு எங்கருக்கு?"

"யாரு வீடுண்ணே?"

"லென்ஸ்காரன்."

தெரியாது, சேனல்தான் தெரியும் என்றேன். வண்டியை எடுத்தார்.

அதற்குப் பிறகுதான் நான் அந்த வீடியோவை மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை தாடியைப் பார்க்கவில்லை, அவர் எடுத்த படங்களைப் பார்த்தேன். ஒரு காப்பிக் கப். ஒரு பூனை. பூங்காவில் ஒரு பெண், தனியாக. அவ்வளவுதான். ஒரு படத்தில்கூட இரண்டு பேர் சேர்ந்து நிற்கவில்லை. பாவம், அவருக்குச் சொந்தக்காரர்களே கிடையாது போல. பங்காளி, சம்பந்தி, சீர், செய்முறை எதையும் கண்டிராத மனுசன். லென்ஸ் பற்றி அவர் சொன்னது பொய் இல்லை. காப்பிக் கப்புக்குத் தாய்மாமன் கிடையாது, அவ்வளவுதான்.

கோபத்தில் கெடா படத்தை அவருக்கு அனுப்பி, "இது நீங்க சொன்ன லென்ஸ்ல எடுத்தது" என்று எழுதினேன். பதில் வந்தது: "செம ஷார்ப் நண்பா."

நான் சொந்தக்காரர் வீட்டுப் பக்கம் போவதை நிறுத்தினேன். தங்கச்சி போன் அடித்தாலும் எடுக்கப் பயம். ஒருநாள் அடித்துக்கொண்டே இருந்தாள். எடுத்தேன். அந்தப் பக்கம் பேச்சே வரவில்லை. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

விசயம் இதுதான். அவள் மாமியார் என்னைக் கேலி செய்வதற்காக வருகிற போகிற எல்லாருக்கும் ஆல்பத்தைக் காட்டுகிறார். ஆனால் காட்டினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. அதனால் அவரே விளக்க வேண்டியிருக்கிறது. இந்த மஞ்சள் இருக்கே, இது பித்தளைக் குடம், எம்புட்டுக் கனம் தெரியுமா, இதப் போயி இப்புடி எடுத்து வச்சிருக்கான் பாருங்க என்கிறார். இந்தச் செவப்புதான் பட்டு, அசல் பட்டு என்கிறார். இந்த வெள்ளைதான் பீரோ என்றால் யாரும் நம்புவதில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்த் திறந்து காட்டுகிறார். நான் எம்புட்டுப் பெரிய கிறுக்கன் என்று நிரூபிக்க, எங்கள் வீட்டுச் சீரை ஒவ்வொன்றாக அவர் வாயாலேயே ஊருக்கு ஒப்பிக்கிறார்.

"காப்பி ஆறிப்போகுதுண்ணே" என்றாள் தங்கச்சி. "அத்தை இன்னும் பட்டுக்கே வரல. பொறந்த வீட்ல என்னத்தக் கொண்டாந்தாங்கங்கிற பேச்சே இப்ப இல்ல."

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். வெங்காயம் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார். கடைசியில் ஒன்று சொன்னார்.

"அந்த லென்ஸ வித்துப்புடாத."

விற்கவில்லை. கடையில் இருக்கிறது. பாஸ்போர்ட் போட்டோவுக்கு அது நல்ல லென்ஸ்தான். ஒரே ஆள், ஸ்டூல், பின்னால் சுவர்.

ஆனால் அன்றிலிருந்து எங்கள் குடும்பத்துச் சீரில் மட்டும் கெடா முன்னால் நடப்பதில்லை. தட்டுகள் முன்வாசலில் நிற்கும்போது, அது மாலையைப் போட்டுக்கொண்டு லோடு ஆட்டோவில் பின்வாசல் வழியாகச் சமையல்கட்டுக்குப் போகும். புதிதாகப் பார்க்கிறவர்கள் இது என்ன வழக்கம், எந்தச் சாமிக்கு வேண்டுதல் என்று கேட்பார்கள். அண்ணே என்னைக் கையைக் காட்டுவார்.

"போட்டோ இவன்தான் எடுக்கான். ஆடு நின்னா நாங்க படத்துல விழ மாட்டோம்."