மூன்றும் ஒரு கூட்டல் குறியும்

கூட்டிச் சொல்வதுதான் பொய், குறைத்துச் சொல்வது பண்பு என்று வளர்க்கப்பட்டவள் நான். "உமக்குப் பாடத் தெரியுமோ?" என்று யாரும் கேட்டால், மேடையேறிப் பாடியவளாக இருந்தாலும் "ஏதோ கொஞ்சம்" என்றுதான் சொல்லவேண்டும். சமையல்? ஏதோ கொஞ்சம். தையல்? ஏதோ கொஞ்சம். இந்தப் பழக்கத்தால் நாற்பது வயதுவரை எனக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை. நாற்பதாவது வயதில், ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு மலையில், எவ்வளவு வேகம் என்று தெரியாத வேகத்தில் வந்தது.

"தெரியாத" என்று எழுதக் கூசுகிறது. நான் எல்லாவற்றையும் குறித்து வைப்பவள். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன்: எழும்பிய நேரம், வெளியே எத்தனை பாகை, பஸ் எத்தனை நிமிடம் பிந்தியது, மத்தியானம் என்ன கறி. (இவர், அதாவது என் கணவர், அதை "பொலிஸ் புத்தகம்" என்பார்.) அந்தப் புத்தகத்தில் முதல் குளிர்காலத்தில் ஒரு பதிவு உண்டு: பஸ் தரிப்பிடத்தில் சறுக்கி விழுந்தேன், இடது மணிக்கட்டு முறிவு. அதற்குப் பிறகு பனி விழுந்தால் நான் வாத்து நடப்பதுபோல் நடப்பேன். மகள் அபி பாலர் வகுப்பிலிருந்தே எனக்கு நாலு அடி முன்னால்தான் போவாள்.

ஆனால் நாட்குறிப்பில் எழுதாத ஒன்றும் இருந்தது. ஒவ்வொரு குளிர்காலமும் எனக்கு ஒரே கனவு வரும். டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்தின் ஏழாம் மாடி பல்கணியிலிருந்து நான் புறப்படுகிறேன். காலில் வான நீலத்தில் இரண்டு ஸ்கீ, பனியில் சறுக்கும் நீளப் பலகைகள். காற்று இல்லை, சத்தம் இல்லை. கீழே வீட்டுக் கூரைகள் வெள்ளையாக, மாவு தூவிய தட்டுகள் போல. நான் அவற்றின் மேலால் வழுக்கிக்கொண்டே தெற்கே ஏரிவரை போகிறேன். கரை வருமுன் விழிப்பு வந்துவிடும். சுரங்க ரயில் நிலையத்தில் ஒட்டியிருந்த ஒரு விளம்பரப் படத்துப் பெண்ணிடமிருந்து அந்த நீலத்தை எடுத்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன். மணிக்கட்டு முறிந்தவளுக்கு வரக்கூடாத கனவு. ஆனாலும் ஆறு குளிர்காலம் வந்தது.

தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு ஜனவரி. அபிக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படிவம் கொண்டுவந்தாள். குடும்பங்களோடு ஸ்கீ போகும் நாள்.

"அம்மா, நீங்கள் வழமை மாதிரி இன்சைட்ல இருப்பியள்தானே? ஃபிளாஸ்க்கோட?" என்று கேட்டபடியே, "பெற்றோர் பங்குபற்றுவாரா" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதியும்விட்டாள்.

அவள் நக்கலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கதிரையைக் கதிரை என்பதுபோல் சொன்னாள்.

"நானும் வாறன். உன்னோட மேலயிருந்து கீழ வருவன்," என்றேன்.

"ரியலி? உங்களுக்கு ஸ்கீ தெரியுமே?"

"ஏதோ கொஞ்சம்."

இங்கேதான் பிசகு தொடங்கியது. எனக்குக் கொஞ்சமும் தெரியாது. வாழ்நாளில் முதற்தடவையாக "ஏதோ கொஞ்சம்" என்பது கூட்டிச் சொன்னதாகிவிட்டது. அபி "இல்லை"யை வெட்டி "ஆம்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகமும் வரைந்தாள். அந்த முகத்தை ஏமாற்றக்கூடாது. எனக்கு வேறு குறிக்கோள் எதுவும் இருக்கவில்லை.

வாடகைக்கு எடுத்திருக்கலாம். ஆனால் பிறர் கால் வைத்த சப்பாத்தில் நாங்கள் கால் வைப்பதில்லை. அவர்களுடைய சனியும் சேர்ந்து வரும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். எனவே புதிது. புதிது என்றால் ஆராய்ச்சி. நூலகத்தில் மூன்று சனிக்கிழமை இருந்து சஞ்சிகைகள் வாசித்தேன். பெண்களுக்கென்று தனியாக, பாரம் குறைவாக, வளைந்து கொடுக்கும்படி ஸ்கீ செய்யத் தொடங்கியிருந்த காலம் அது. அவற்றிலும் மலையின் எந்தப் பகுதிக்கும் பொருந்தும் வகை ஒன்று இருந்தது. மலையின் எந்தப் பகுதியில் நிற்கப்போகிறேன் என்று தெரியாதவளுக்கு அதுவே புத்தி என்று முடிவெடுத்தேன். பதினொரு சோடிகளை அட்டவணை போட்டேன்: நீளம், நடுப்பகுதி அகலம், பாரம், விறைப்பு, நிறம். (நிறத்துக்கு அபியின் ஓவியப் பெட்டியில் இருந்து பென்சில் எடுத்துத் தீட்டினேன். உண்மையைச் சொன்னால் அந்த நிரல்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது.)

கடையில் ஒரு இளம்பெண், தடித்த ஒற்றைப் பின்னலோடு, என் அட்டவணையைப் பார்த்து வாயைத் திறந்தபடி நின்றாள். ஒரு வாடிக்கையாளரும் இவ்வளவு நுணுக்கமாகக் கேட்டதில்லையாம்.

"எத்தனை குளிர்காலமாக உங்களுக்கு இதில் ஈடுபாடு?"

"ஆறு," என்றேன். பொய் இல்லை.

பிறகு அவள் ஒரு சோடியை இறக்கி என் மடியில் வைத்தாள். வான நீலம். நுனியில் வெள்ளையாக ஒரு கோடு, விடியலில் ஏரி தெரிவதுபோல. நீளம் என் நாடிவரைதான். கையால் தடவினேன். அவ்வளவுதான், நான் கடையில் இல்லை. கூரைகளுக்கு மேலே இருந்தேன்.

"பூட்ஸைப் பிடிக்கும் பூட்டை இறுக்குவதற்கு ஒரு படிவம் நிரப்பவேண்டும்," என்று எங்கோ தூரத்தில் அவள் குரல். வயது, உயரம், நிறை எல்லாம் சொன்னேன். "நீங்கள் எந்த வகைச் சறுக்குநர்? ஒன்றா, இரண்டா, மூன்றா?"

படிவத்தின் அடியில் "விளக்கத்துக்கு மறுபக்கம் பார்க்கவும்" என்று எழுதியிருந்தது. அதை வாசித்தேன். மின்சாரப் பட்டியலின் பின்பக்கத்தையே வரிவரியாகப் படிப்பவள், அன்றைக்குத் திருப்பவில்லை. கை நீலத்தின்மேல் இருந்தது.

ஒன்று என்றால் என்ன, எங்களுக்குத் தெரியாததா? முதலாம் பிரிவு. வகுப்பில் முதலாம் பிள்ளை. அதைத் தானே தனக்குச் சொல்லிக்கொள்பவளை ஊர் என்ன சொல்லும்? இரண்டு என்பதும் திமிர்.

"மூன்று," என்றேன், தலையைக் கொஞ்சம் குனிந்து. பிறகு மனச்சாட்சி உறுத்தியது. மூன்றாம் தரம்கூட எனக்கு அதிகம். "மூன்றுக்குப் பிறகு ஒன்றும் இல்லையா?"

பெண்ணின் கண்கள் விரிந்தன. மெல்ல, மரியாதையோடு, "இருக்கிறது," என்றாள். மூன்று என்று எழுதி, பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டாள். கருணைப் புள்ளி போடுகிறாள் என்று நினைத்து நன்றி சொன்னேன்.

அதோடு நீலத்தை என் மடியிலிருந்து தூக்கிவிட்டாள். "இது உங்களுக்குப் போதாது. மிகவும் மிருது. அலுத்துவிடும்."

உள்ளே போய், பெண்களுக்கான வரிசையின் கடைசியில் இருந்த ஒன்றைக் கொண்டுவந்தாள். கறுப்பு. நூற்றி எண்பத்தைந்து சென்ரிமீற்றர். நான் நூற்றி ஐம்பத்தாறு. கிணற்றுக்குக் குறுக்கே போடும் பலகையைப்போல் விறைத்து நின்றது. தொடக்கக்காரிக்கு நீளமானது, உறுதியானது, பிடித்துக்கொண்டு நிற்கலாம் என்று என் மனம் உடனே காரணம் கண்டுபிடித்தது. எங்கள் சனத்துக்கு எதையும் கொஞ்சம் பெரிதாக வாங்கினால்தான் திருப்தி. அட்டவணையை மடித்துக் கைப்பையில் வைத்தேன். வெளியே வரும்போது ஒருதடவை மட்டும் நீலத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

இவர் ஒஷாவாவில் வேலை முடிந்து வந்து அதைப் பார்த்தார்.

"உது என்ன, வீட்டுக் கூரைக்கு வளைமரம் போடவோ?"

"ஸ்கீ. மலையில எல்லா இடமும் போகும்."

"அது போகும். நீர்?"

ஆனாலும் மனுஷனுக்குச் சந்தோஷம். ஓடுகிற சாமான் எதுவானாலும் வாகனம்தான் என்று சொல்லி, வெள்ளிக்கிழமை ராகுகாலம் பார்த்துத் தவிர்த்து, கட்டடத்தின் கார்த் தரிப்பிடத்தில் இரண்டு நுனிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். ஒவ்வொன்றின் கீழும் ஒரு எலுமிச்சங்காய். "ஏறி நசியும்." ஏறினேன். பலகை வளைந்து கொடுக்காமல் சீசோபோல் ஆடியது. காய்கள் நசியவில்லை. இரண்டும் வழுக்கி ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரரின் காருக்குக் கீழே நின்றன.

"சரி, அதுகளுக்கும் சறுக்கத் தெரிஞ்சிட்டுது," என்றார் இவர்.

அந்த நாள் வந்தது. நாட்குறிப்பின்படி: புறப்பட்டது 6.40, சேர்ந்தது 8.25, குளிர் மைனஸ் ஒன்பது. இவர் ஃபிளாஸ்க்கும் மீன் ரோல்ஸுமாக உணவுக்கூடத்தின் கண்ணாடியோரம் இடம்பிடித்தார். என்னுடைய இடம். அபி பள்ளிக்கூடத்தில் ஸ்கீக்கு இரண்டு பாடம் எடுத்திருந்தாள். மலையுச்சிக்குக் கம்பியில் ஓடும் கதிரையில் தொங்கியபடி போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வருடத்தில் முதல்முறை.

"அம்மா, நிப்பாட்டுறதெண்டால் பீற்சாத் துண்டு மாதிரி. முன் நுனி ரெண்டும் கிட்ட, பின் நுனி தூர. ஓகே?"

"ஓம். வாசிச்சிருக்கிறன்."

மேலே மெல்லிய பனி விழுந்துகொண்டிருந்தது. பிள்ளைகள், தாய்மார், ஆசிரியை எல்லாரும் சற்றுக் கீழே நின்றார்கள். அபி, "அது என்ர அம்மா," என்று ஒரு தோழிக்குச் சொன்னது காதில் விழுந்தது. நான் பீற்சா செய்ய முயன்றேன். அந்தக் கறுப்புப் பலகைகளுக்குப் பீற்சாவில் நாட்டம் இல்லை. தண்டவாளம் மாதிரி நேராக நின்றன. பிறகு போகத் தொடங்கின.

அடுத்து நடந்ததற்கு என்னிடம் கணக்கு இல்லை. இருபது விநாடியா, இரண்டு நிமிடமா தெரியாது. முதலில் அபியின் குரல், "பீற்சா! அம்மா, பீற்சா!" என்று. பிறகு அதுவும் பின்னால் போய்விட்டது. விழுவேன் என்று காத்திருந்தேன். விழவில்லை. பலகை அவ்வளவு நீளம், அவ்வளவு உறுதி, விழுவதற்கு என்னை விடவில்லை. சத்தம் நின்றது. மரங்கள் இரண்டு பக்கமும் மெல்லிய சாம்பல் கோடுகளாகின. பனித்துகள்கள் விழாமல் முகத்துக்கு நேரே மிதந்து வந்தன. கீழே உணவுக்கூடத்தின் வெள்ளைக் கூரை. எனக்கு அந்தக் கூரையைத் தெரியும். ஆறு குளிர்காலமாகத் தெரியும். இன்னும் கொஞ்சம் போனால் ஏரி வரும் என்று உண்மையாகவே நினைத்தேன். பயம் வரவேண்டிய நேரம் அது, எனக்கோ நித்திரையில் சிரிக்கிற பிள்ளையின் நிலை.

சரிவு முடிந்து சமதரை வந்தது. கதிரைக்கு வரிசையில் நின்றவர்கள் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இவர் தேநீர்க் கோப்பையை உயர்த்திக் கையசைத்தார். ("மனிசி வலு திறமாய் வாறா எண்டு நினைச்சன்" என்பது பின்னாளைய வாக்குமூலம்.) நான் கையசைக்கவும் செய்தேன். பிறகு, பனி தள்ளும் இயந்திரம் ஒதுக்கிவைத்த பனிக்குவியல் ஒன்று என்னை வரவேற்றது. பலகைகள் பாதிவரை உள்ளே போயின. நான் விழவில்லை. முழங்கால்வரை புதைந்து, நட்டுவைத்த கம்பம்போல் நின்றேன்.

சிவப்பு அங்கி போட்ட மீட்புக்காரர் ஒருவர் ஓடிவந்தார். விழுந்தாலோ மோதினாலோ பூட்டு தானாகக் கழன்று காலை விடவேண்டுமாம். என்னுடையது விடவில்லை. மிதித்தார், குத்தினார், இன்னொருவரைக் கூப்பிட்டார். பனியைத் தோண்டிப் பூட்டிலுள்ள இலக்கத்தைப் பார்த்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அம்மணி, நீங்கள் எந்த அணிக்காகப் போட்டியிடுகிறீர்கள்?"

கடைசியில் பூட்ஸின் கொளுக்கிகளைத் திறந்து, காலை மட்டும் உருவி எடுத்தார்கள். இவருடைய கம்பளிக் காலுறையோடு என்னை மீட்புச் சறுக்குவண்டியில் இருத்தினார்கள். திரும்பிப் பார்த்தேன். பனிக்குவியலில் ஆளில்லாத இரண்டு பூட்ஸ், கோயில் வாசலில் கழற்றிவிட்டதுபோல், பக்கத்தில் பக்கத்தில்.

அபி வந்து சேர்ந்தாள். முகம் வெளிறியிருந்தது. எனக்கு ஒன்றும் இல்லை என்று கண்டதும் கேட்டாள்:

"அம்மா, உங்களுக்கு நிப்பாட்டத் தெரியாதே?"

"தெரியாது."

"திரும்ப?"

"அதுவும்தான்."

"அப்ப ஏன் வந்தனீங்கள்?"

"வாறன் எண்டு சொன்னனான்."

அவள் என்னைப் பார்த்தாள், பூட்ஸைப் பார்த்தாள், பிறகு பனியிலேயே இருந்து சிரிக்கத் தொடங்கினாள். கண்ணீர் வரச் சிரித்தாள். மூச்சு வாங்கி, "எல்லாரையும் பாஸ் பண்ணீட்டீங்கள் அம்மா. மிஸ்ஸையும்," என்றாள். அதற்குப் பிறகு என் மடியில் ஏறி, பதினொரு வயதுப் பிள்ளை, உணவுக்கூடம்வரை அதே வண்டியில் வந்தாள். தோழிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் இறங்கவில்லை.

திங்கட்கிழமை கடைக்குப் போய் அந்தப் படிவத்தின் மறுபக்கத்தை வாசித்தேன். ஒன்று: பயந்தவர், மெதுவாகப் போகிறவர். மூன்று: மூர்க்கமாகப் போகிறவர், பூட்டு இலேசில் கழலக்கூடாதவர். கூட்டல் குறிக்கு எழுதியிருந்ததை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. பின்னல்காரப் பெண் தலையில் கைவைத்துக்கொண்டு கறுப்பைத் திருப்பி எடுத்தாள். நீலத்தைக் கொண்டுவந்து, "இப்போது சொல்லுங்கள், எந்த வகை?" என்றாள்.

"ஒன்று," என்றேன். நாக்குக் கூசியது. பள்ளிக்கூடக் காலம் முழுவதும் ஒருநாளும் முதலாம் பிள்ளையாக வராதவள்.

அந்த நீலச் சோடியில் பிறகு பல குளிர்காலம் அபியோடு போனேன், பாலர் சரிவில், ஒழுங்காகப் பீற்சா செய்துகொண்டு. அந்தக் கனவு மட்டும் மறுபடி வரவில்லை. சம்பவத்தன்று நாட்குறிப்பில் நேரமும் குளிரும் குறித்த பிறகு "வேகம்:" என்று எழுதி இடம் விட்டிருந்தேன். பல வருடம் கழித்துப் புரட்டியபோது, அந்த இடத்தில் அபியின் பென்சில் எழுத்து இருந்தது: 3+.

இப்போது அவள் யூனியன்வில்லில் குடும்பமாக இருக்கிறாள். அவளுக்குச் சம்பந்தம் பேசிய நாளில், மாப்பிள்ளையின் தாயார் முறுக்கைக் கடித்தபடி, "நீங்கள் நல்லாய்ப் பாடுவியளாம்?" என்று என்னைக் கேட்டார்.

"ஏதோ கொஞ்சம்," என்றேன்.

இவர் சடாரென்று எழும்பித் தன் கதிரையைச் சுவரோடு ஒதுக்கினார். அபி தேநீர்த் தட்டத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

"எல்லாரும் விலகி நில்லுங்கோ," என்றார் இவர், "அவவுக்கு நிப்பாட்டத் தெரியாது."