விரலைப் பார்த்து ஓட்டைச் சொல்லும் மகான்

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மூடிக் கிடந்த மெத்தைக் கடையில் ஒரு மகான் வந்து இறங்கியிருந்தார். சாதாரண மகான் இல்லை. கையைப் பார்த்துக் கல்யாணம் சொல்வதும் முகத்தைப் பார்த்து வியாதி சொல்வதும் பழைய சரக்கு. இவர் ஓட்டுப் போட்ட விரலில் இருக்கும் மையைப் பார்த்தே அந்த ஓட்டு எந்தச் சின்னத்துக்கு விழுந்தது என்று சொல்லிவிடுவார்! அரசாங்கம் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, பூட்டுக்கு முத்திரை போட்டு, முத்திரைக்குக் காவல் போட்டு வைத்திருக்கும் ரகசியத்தை இவர் உட்கார்ந்த இடத்திலேயே உடைத்துவிடுகிறார். தேர்தல் அதிகாரிகள் ஏன் இன்னும் இவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் தெரியவில்லை.

நாடு முழுக்கத் தேர்தல். நகரத்தை இரண்டாக வகுத்திருந்தார்கள். வடபாதி போன ஞாயிற்றுக்கிழமை ஓட்டுப் போட்டு முடித்துவிட்டது. தென்பாதிக்கு வருகிற ஞாயிறு. வடக்கே இருந்தவர்கள் விரலை நீட்டிக்கொண்டு மகானிடம் ஓடினார்கள். தெற்கே இருந்தவர்கள் ஒலிபெருக்கி வண்டிகளுக்கு நடுவே காதைப் பொத்திக்கொண்டு திரிந்தார்கள். காலை ஆறு மணிக்கே குடைக் கட்சி வண்டி வந்து கத்தும். அது தெருமுனை திரும்புவதற்குள் நாற்காலிக் கட்சி வண்டி வந்து அதைவிடப் பலமாகக் கத்தும். வாளிச் சின்னத்துக்கு மட்டும் வண்டி கிடையாது. நாலு பெண்கள் நடந்து வந்து நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

பேருந்து நிலையத்தைக் கூட்டும் அக்கா தெற்கே குடியிருந்தாள். எல்லாக் கட்சி நோட்டீஸையும் பாரபட்சம் இல்லாமல் கூட்டித் தள்ளுவது அவள் வேலை. மனசில் இருந்தது என்னவோ வாளிதான். அந்தச் சின்னத்தில் நிற்கும் வக்கீலம்மா போன வருஷம் வழக்குப் போட்டுத் துப்புரவுக்காரர்களுக்குக் கையுறை வாங்கிக் கொடுத்தவர். மற்ற இரண்டு கட்சிக்காரர்கள் வாங்கிக் கொடுத்தது தலைவலிதான்.

ஆனால் கூட்டுகிறவர்களுக்கு வேலை கொடுக்கும் மேஸ்திரி வேறு சட்டம் போட்டிருந்தான்.

“திங்கக்கிழமை எல்லாரும் மகான்கிட்ட விரலைக் காட்டணும். நாற்காலிக்குப் போட்டிருந்தா வேலை உண்டு. வேற எதுக்காவது குத்தியிருந்தா துடைப்பத்தை வச்சுட்டு வீட்டுக்குப் போகலாம். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது, சொல்லிட்டேன்.”

அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புருஷன் போனபிறகு இரண்டு பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவது அந்தத் துடைப்பம்தான். இரண்டு நாள் யோசித்துப் பார்த்துவிட்டு, நாற்காலிக்கே போட்டுத் தொலைப்போம் என்று முடிவு கட்டினாள். அப்படி முடிவு கட்டியதில் அவளுக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது.

கண்ணாடிப் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பியிடம் இதைச் சொன்னாள். அவன் சிரிசிரியென்று சிரித்தான்.

“அக்கா, உனக்கு மூளை இருக்கா, இல்ல அதையும் கூட்டித் தள்ளிட்டியா?”

“நீ பேசுவடா. வேலை போனா நீயா வந்து பாப்ப? வடக்குத் தெரு டிரைவர் போயிட்டு வந்தாரு. நாற்காலின்னு மகான் பட்டுனு சொல்லிட்டாராம்.”

“அந்த ஆளு நாற்காலி பேட்ஜைக் குத்திக்கிட்டுத்தானே குளிக்கவே போறாரு! அதைச் சொல்ல மகான் வேணுமா? எங்க பட்டறைப் பூனை சொல்லும்.”

அவள் சமாதானமாகவில்லை. தம்பி அவளைப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனான். வெறும் கண்ணாடியின் முதுகில் வெள்ளிக் கரைசலை ஊற்றி முகம் பார்க்கும் கண்ணாடியாக்குவது அவன் தொழில். அதில் ஒரு சொட்டை எடுத்து அவளுடைய வலது ஆள்காட்டி விரலில் தடவி, வெயிலில் நிற்க வைத்தான். கொஞ்ச நேரத்தில் விரல் பழுப்பாகிக் கறுத்துவிட்டது. ஓட்டு மையேதான்.

“ஓட்டு மையிலயும் இந்தச் சரக்குதான் இருக்கு. தேய்ச்சாலும் போகாது.”

“அட பாவி! ஞாயித்துக்கிழமை என்னை உள்ளயே விடமாட்டாங்களே!”

“அவங்க வைக்கிறது இடது கை. நான் வச்சது வலது கை. எந்தக் கைன்னாவது உங்க மகானுக்குத் தெரியுதான்னு பாப்போம் வா.”

மெத்தைக் கடை வாசலில் நெரிசல். டோக்கன் கொடுக்கிறவன் தேனாகப் பேசினான். “என்னங்க, இந்தத் தடவை காத்து எந்தப் பக்கம் அடிக்குது?” வரிசையில் நிற்பவனுக்குப் பேச்சுத் துணை கிடைத்தால் போதாதா? அவனவன் மனசைக் கொட்டினான். கொட்டியவனை உள்ளே அழைத்துப்போய், மகானுக்கு முன்னால் கிடந்த மூன்று பிளாஸ்டிக் ஸ்டூல்களில் ஒன்றில் உட்கார வைத்தான் டோக்கன்காரன்.

அக்கா ஒரு மணி நேரம் நின்றாள். எது எங்கே விழுகிறது என்று பார்ப்பதுதானே அவள் பிழைப்பு? பத்துப் பேர் உட்கார்ந்து எழுந்ததும் அவள் முகம் மாறியது. தம்பியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

“குடைதான் அண்ணே, வேற பேச்சே இல்ல!” என்று டோக்கன்காரனிடம் சத்தமாகச் சொன்னாள். நீல ஸ்டூல் கிடைத்தது.

மகான் அவளுடைய வலது விரலைப் பிடித்தார். முகர்ந்தார். கண்ணை மூடினார்.

“குடைக்குப் போட்டிருக்கே. தப்புப் பண்ணிட்டியே தாயே! இந்த மை உன் குடும்பத்தையே சுத்துது. பரிகாரப் பொடிப் பொட்டலம் ஒண்ணு வாங்கிட்டுப் போ.”

கூட்டம் ‘அடடா’ என்று வாயைப் பிளந்தது. கதவோரம் நின்ற மேஸ்திரி அவளை முறைத்தான்.

“நான் எப்ப சாமி ஓட்டுப் போட்டேன்?”

“இதென்ன கேள்வி? போன ஞாயிறு.”

“எங்க தெருவுக்கு ஓட்டே வர்ற ஞாயிறுதானே!” அக்கா எழுந்து வாக்காளர் சீட்டைக் கூட்டத்துக்குக் காட்டினாள். “என் வீடு எங்கன்னு மேஸ்திரியைக் கேளுங்க. இது கண்ணாடிப் பட்டறைக் கறை. அதுவும் வலது கை!”

எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். “தெற்குப் பக்கம்தான்” என்று முனகினான் மேஸ்திரி. தம்பி தன் பத்து விரலையும் விரித்துக் காட்டினான். பத்தும் கறுப்பு. “அப்ப நான் பத்து ஓட்டுப் போட்டிருக்கேனா சாமி?”

மகான் லேசில் மசிகிறவரா? “மூடர்களே! போட்ட ஓட்டை எவனும் சொல்லுவான். இவ போடப்போற ஓட்டையே நான் பார்த்தேன்!”

“அதானே! மகானாச்சே!” என்றார் ஒருவர். பாதிக் கூட்டம் தலையை ஆட்டியது. இந்தத் தலைகளை நம்பித்தானே மகான்கள் கடை விரிக்கிறார்கள்!

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விரலை மறுபடி நீட்டினாள்.

“சரி சாமி. இப்ப இந்த நிமிஷம் மனசை மாத்திக்கிட்டேன். எதுக்குப் போடப்போறேன்? ஆனா ஸ்டூல்ல உட்கார மாட்டேன். நின்னுக்கிட்டேதான் காட்டுவேன்.”

“ஸ்டூல்ல என்னம்மா இருக்கு?” என்றார் வரிசையில் ஒருவர்.

“வாசல்ல நாற்காலின்னு சொன்னவங்க சிவப்பு. குடைன்னா நீலம். வாளின்னா பச்சை. நீங்க எதுல உக்காந்தீங்கன்னு நீங்களே நெனச்சுப் பாருங்க!”

மகான் விரலைப் பார்த்தார். பிறகு டோக்கன்காரனைப் பார்த்தார். டோக்கன்காரன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். வாங்கிய பொட்டலங்கள் நாலா பக்கத்திலிருந்தும் மகான் தலைமேல் பறந்து வந்தன. கடை ஜன்னல் வழியாக அவர் வெளியேறிய வேகத்தைப் பார்த்தவர்கள், அவருக்கு ஏதோ சக்தி இருப்பது உண்மைதான் என்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா இடது விரலை நீட்டி மை வாங்கிக்கொண்டு, மனசில் இருந்த வாளிக்கே குத்தினாள். திங்கட்கிழமை மேஸ்திரி ஒருத்தியையும் வரிசையில் நிறுத்தவில்லை. யாரிடம் கொண்டுபோய் விரலைக் காட்டுவது?

மெத்தைக் கடை மறுபடி மூடிக் கிடக்கிறது. வேறு ஊரில் வேறு கடை திறந்திருக்கும். அங்கே வரிசையில் நிற்கும் புண்ணியவான்களே, டோக்கன் வாங்குமுன் ஒன்றே ஒன்றை யோசியுங்கள்: எல்லாம் தெரிந்த மகானுக்கு, வாசலில் உங்கள் வாயைக் கிளற ஓர் ஆள் எதற்கு?