தொண்ணூற்றேழு சதவீதம் காப்பி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மானம்தான் போய்விட்டது. மாமாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ "ம்" என்பாய். அந்த "ம்"மைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

எங்கள் பள்ளியில் கரும்பலகையைக் கழற்றிவிட்டு ஸ்மார்ட் போர்டு மாட்டினார்கள். இனி ஆங்கிலப் பாடம், கதை, கவிதை எல்லாம் அதில்தான் நடத்தணும் என்று தலைமையாசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதல் நாளே நான் அதில் அழியாத மார்க்கரால் தேதியை எழுதிவிட்டேன். கைக்குட்டையால் அழுத்தித் துடைக்கத் துடைக்க, அது நான் தொட்டு உத்தரவு போடுகிறேன் என்று நினைத்து ஒவ்வொன்றாகத் திறந்து, கடைசியில் இணைத்திருந்த என் போனிலிருந்து, தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு நான் நிற்கும் படத்தை ஆறடி அகலத்துக்குக் காட்டியது. தேதி இன்னும் போகவில்லை. எங்கள் வகுப்பில் என்றைக்கும் மூன்றாம் தேதிதான்.

அதோடு விட்டிருக்கலாம். போன செவ்வாய்க்கிழமை கட்டுரை திருத்தும் ஆப் ஒன்றை ஏற்றினார்கள். எழுதியதைப் படம்பிடித்துக் கொடுத்தால் எங்கே தப்பு, எவ்வளவு காப்பி என்று போர்டிலேயே சொல்லிவிடும். பிள்ளைகள் எழுதிய ஆறு வருஷத்துப் பரீட்சைத் தாள்களையும் அதற்குள் போட்டுவைத்திருந்தார்கள். தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறார் வேறு. நாலு பேர் கட்டுரையை வரிசையாகப் போட்டு, "பாத்தியா, பக்கத்துல பாத்து எழுதினா எப்படி மாட்டுதுன்னு!" என்று ஆடாத ஆட்டம் ஆடினேன். வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள், கேள்விப்பெட்டி என்று பெயர் வைத்திருக்கிறோம். அவள் எழுந்து, "சார், நீங்க வருஷா வருஷம் சொல்லச் சொல்ல நாங்க எழுதிக்கிற 'மழை நாள்' இங்கிலீஷ் கட்டுரையைப் போடுங்க சார். என்ன மார்க் வருதுன்னு பாப்போம்" என்றாள். முடியாது என்று சொல்லியிருக்கக் கூடாதா? கெத்தாகப் போட்டேன்.

போர்டு முழுக்கச் சிவப்பு. தொண்ணூற்றேழு சதவீதம் காப்பி, இருநூற்றுப் பதினோரு மாணவர்கள் எழுதியதோடு பொருந்துகிறது என்று வந்தது. "டேய், சார் நம்மளப் பாத்து எழுதிட்டாருடா!" என்று ஒருவன் கத்த, வகுப்பே சிரிக்க, எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அது என் சொந்தக் கட்டுரைடா! பதிமூணு வயசுல நானே எழுதினது!" என்று கத்தினேன். கேள்விப்பெட்டி இன்னும் உட்காரவில்லை. "சார், இதுல 'குடைக்குள்ள என் தம்பி நனையல, என் தோள்தான் நனைஞ்சுது'ன்னு வருதே. நீங்கதான் வீட்டுல கடைசின்னு சொன்னீங்க. உங்களுக்கு ஏது சார் தம்பி?"

அக்கா, இருபத்தாறு வருஷம் அதைச் சொல்லிச் சொல்லி எழுதவைத்திருக்கிறேன். ஒற்றைப் பிள்ளைகள்கூட இல்லாத தம்பிக்குக் குடை பிடித்து மார்க் வாங்கிப்போனார்கள். எனக்கு ஒரு நாளாவது உறைத்ததா? அந்தத் தம்பியே நான்தானே.

உனக்கு மறந்திருக்காது. மஞ்சள்காமாலையில் ஒரு வருஷம் போய் நீ என் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்தாய். கட்டுரை கொடுக்க வேண்டிய அன்று காலையில் நீ தலை பின்னிக்கொண்டிருந்தபோது உன் நோட்டைப் பார்த்து எழுதியவன் நான். வாத்தியாரிடம் முதல் ஆளாக நீட்டியவனும் நான். வாத்தியார் இரண்டு நோட்டிலும் முதல் நாலு வரியைத்தான் படித்தார். "தம்பியைப் பாத்து எழுத வெக்கமா இல்ல?" என்று உன்னை வராந்தாவில் முட்டி போடவைத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து நீ அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கும் குடையை என் பக்கமேதான் சாய்த்துப் பிடித்தாய். அதற்கப்புறம் நீ மளிகைச் சீட்டைத் தவிர எதுவும் எழுதி நான் பார்க்கவில்லை. நான் அதே கட்டுரையை வைத்து ஆங்கில வாத்தியார் ஆகிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது அக்கா. மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

ஆனாலும் அந்தச் செவ்வாய்க்கிழமை வகுப்பில் நிமிர்ந்து நின்று உண்மையைச் சொல்லிவிட்டேன். "எழுதினது என் அக்கா. நனையாத தம்பி நான்தான்" என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், அதற்கு எனக்குத் தகுதி மிச்சமிருந்தால்.

இப்படிக்கு,
தம்பி

பி.கு.: நிமிர்ந்து நின்றதிலிருந்து கண்ணைத் துடைத்தது வரை அத்தனையும் புளுகு. "தம்பியா? இருக்கான், வெளியூர்ல" என்றுதான் சொன்னேன். நம்பாமல், "போர்டுல வீடியோ கால் போட்டுக் காட்டுங்க சார்" என்று பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் வியாழக்கிழமை பத்தரை மணிக்குக் காட்டுவதாகத் தலைமையாசிரியை முன்னாலேயே ஒத்துக்கொண்டுவிட்டேன். யாரையாவது நடிக்கவைக்கத்தான் முதலில் நினைத்தேன். வேண்டாம். அந்த போர்டில் நீ வா அக்கா. வந்து, "மழை நாள் யார் எழுதினது?" என்று நாற்பது பேர் முன்னால் என்னைக் கேள். நீ கேட்டால்தான் எனக்கு வாய் வரும்.